டாப்பெட் சத்தம் அடங்கினால் போதுமா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டாப்பெட் சத்தத்தில், அதாவது இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் பாகங்கள் தட்டிக்கொள்ளும் டிக் டிக் சத்தத்தில்தான் வந்து நிற்கும். "நம்ம வண்டிங்க, பானட்டைத் திறந்து வச்சாக்கூட சத்தம் கேக்காது" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கொஞ்சம் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்போம். சத்தம் இல்லாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்பது எங்கள் வட்டாரத்தில் யாரும் கேள்வி கேட்காத ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை போய்ச் சில காலம் ஆகிறது. ஆனால் ஏன் போனது என்று வாயால் சொல்லப் போனால் யாராவது நடுவில் "அதெல்லாம் விடுங்க, டாப்பெட் இடைவெளி 15 தௌ வச்சுட்டா முடிஞ்சது" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வால்வும் அதை அமுக்கித் திறக்கும் கையான ராக்கரும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி, அதுவும் நம்ம ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஒரு இன்ஜினை வைத்து.

நான் சொல்வது பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். இங்கிலாந்தில் பிஎம்சி கம்பெனி பி சீரிஸ் என்று செய்தது, பிறகு கல்கத்தா பக்கத்திலிருந்த உத்தரபாரா அம்பாசடர் தொழிற்சாலைக்கு வந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே வார்க்கப்பட்டது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில், அங்கிருந்து தள்ளும் கம்பியான புஷ் ராட் மேலே, சிலிண்டர் ஹெட்டின் மேல் ஸ்டாண்டுகளில் உட்கார்ந்த ஒரே ராக்கர் ஷாஃப்ட், அதில் 8 ராக்கர். முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 புகை வெளியேறும் எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 பெட்ரோல் கலவை உள்ளே வரும் இன்டேக். 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ செட் பண்ணு, 7 திறந்திருக்கும்போது 2-ஐ, இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும் என்ற கணக்கு எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு வாய்ப்பாடு மாதிரி தெரியும். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 தௌ என்பது மில்லிமீட்டரில் 0.38. ராக்கருக்கும் வால்வ் தலைக்கும் நடுவில் அந்த இடைவெளி வரும்படி ராக்கரின் புஷ் ராட் பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பி, அதன் லாக் நட்டை இறுக்கிவிட்டால் டாப்பெட் வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். இடைவெளி சரியாக இருப்பதும் ராக்கர் சரியாக நிற்பதும் வேறு வேறு விஷயம் என்பதுதான் என் பிரச்சினை.

கல்லாறில் வந்த புகை

என் வண்டி கை மாறி வந்த வண்டி. எனக்கு முன்னால் எத்தனை பேர் ஹெட்டைக் கழற்றினார்கள், எத்தனை முறை அதன் அடிமுகத்தை அரைத்து ஃபேஸிங் போட்டார்கள் என்று எந்தக் காகிதமும் கிடையாது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. சத்தமும் இல்லை. ஒருமுறை குன்னூரிலிருந்து குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தோம், பின்னால் இன்னொரு வண்டியில் மச்சான். பர்லியார் தாண்டி கல்லாறு வரைக்கும் செகண்ட் கியரிலும் தேர்ட் கியரிலும் காலை எடுத்துவிட்டே வந்து, சமதரை வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது மச்சான் வந்து, "மாமா, கீழ வந்து மிதிச்சீங்களே, நீலமா ஒரு புகை கிளம்புச்சு பாருங்க, எனக்கு முன்னாடி ரோடே தெரியல" என்றான்.

இந்தப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரிங் தேய்ந்த இன்ஜின் மேடு ஏறும்போது, பாரம் இழுக்கும்போது புகையும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து, பிறகு மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்தாக நீலப் புகை வந்தால் இன்டேக் வால்வ் கைடை, அதாவது வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் கடுமையாக இழுக்கும். கைடு தளர்ந்திருந்தால் ராக்கர் கவருக்குள் தெறிக்கிற ஆயில் வால்வ் தண்டு வழியாகக் கீழே உறிஞ்சப்படும். மிதித்ததும் அத்தனையும் எரிந்து வெளியே வரும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய சமம். வால்வ் ஸ்பிரிங்கின் மூடியைத் தண்டோடு பிடித்திருக்கும் காட்டருக்குக் கீழே இருக்கிற சின்ன ரப்பர் ஓ-ரிங் கல்லாகிப் போனாலும் இதே புகை வரும் என்பதால் அதை முதலில் மாற்றினோம். புகை குறைந்த மாதிரி இருந்தது, பிறகு திரும்பி வந்தது. கைடுதான் என்று முடிவானது.

சரி, பழைய வண்டி, கைடு தேய்ந்துவிட்டது, மாற்றினால் போச்சு. ஆனால் முன்பு வண்டி வைத்திருந்தவரைக் கேட்டபோது, தன் காலத்திலேயே புதுக் கைடு போட்டதாகச் சொன்னார், அதற்கப்புறம் வண்டி அதிகம் ஓடவும் இல்லை. ஆயிலும் நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அப்படியானால் எது அந்தக் கைடை இவ்வளவு சீக்கிரம் தின்றது? எனக்குத் தெரிந்த மிஸ்திரி அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் கை வைத்த வண்டிகள் நல்லபடியாக ஓடுகின்றன, அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. "ஏனுங்க தம்பி, சத்தமே இல்லாம ஓடுது, அதைப் போயி எதுக்குங்க நோண்டறது? கைடை மட்டும் மாத்திக் குடுக்கறேன், ஓட்டுங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் தெரியாமல் மாற்றினால் புதுக் கைடுக்கும் அதே கதிதானே.

வட்டத்தில் போகும் ராக்கர், நேரே போகும் வால்வ்

ராக்கர் கிணற்று ஏற்றம் மாதிரி. நடுவில் அச்சு, ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். அந்த முனை இறங்குவது நேர்கோட்டில் இல்லை, வட்டத்தின் ஒரு துண்டில். வால்வோ கைடுக்குள் நேராக மட்டுமே போகும். அப்படியானால் ராக்கரின் முனை வால்வ் தண்டின் தலைமேல் கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும், அதை ஒழிக்க வழியே இல்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த வழுக்கலை முடிந்தவரை குறைப்பது. வால்வ் பாதி திறந்திருக்கிற அந்த நிலையில், ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ராக்கர் முனைக்குப் போகும் கோடு வால்வ் தண்டுக்குச் சரியாக 90 பாகையில் நின்றால் வழுக்கல் மிகக் குறைவு. மேலே பாதி, கீழே பாதி என்று வட்டம் சமமாகப் பிரிந்துகொள்ளும். முனை முதல் பாதியில் கொஞ்சம் வெளியே போய், அடுத்த பாதியில் அதே அளவு உள்ளே திரும்பி வரும்.

ராக்கர் முனை என்று நான் சொல்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. பி சீரிஸ் ராக்கரின் முனை வளைந்த ஒரு பாதம். கோட்டை இழுக்க வேண்டியது பாதம் வால்வைத் தொடுகிற புள்ளிக்கு அல்ல, அந்த வளைவின் மையத்துக்கு. ரோலர் வைத்த ராக்கராக இருந்தால் ரோலரின் அச்சுக்கு. தொடுகிற புள்ளிக்கு இழுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய.

கணக்குக்காக வால்வ் பக்கக் கை 35 மி.மீ., லிஃப்ட், அதாவது வால்வ் திறக்கும் தூரம், 9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதி லிஃப்டில் சரியாக 90 பாகை வந்தால் தலைமேல் வழுக்கும் தூரம் 0.29 மி.மீ. ஷாஃப்டும் வால்வ் தலையும் 1.5 மி.மீ. மட்டம் தப்பி நின்றால் 0.52. வால்வ் மூடியிருக்கும்போதே 90 பாகை என்று தப்பாக வைத்துவிட்டால் 1.18, அதாவது நாலு மடங்கு. மில்லிமீட்டரில் பார்த்தால் சின்ன எண்கள்தான். ஆனால் இன்ஜின் 3000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1500 முறை திறக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 90,000 முறை. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு அந்தப் பாதம் வால்வ் தலையைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டுத் தள்ளலை யார் தாங்குவது? கைடுதான். அதனால்தான் கைடின் இரண்டு முனையும் புனல் மாதிரி விரிகிறது.

மை காட்டியது

ராக்கர் கவரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு, எட்டு வால்வ் தலையிலும் மார்க்கர் மை தடவி, முன்னால் ஹேண்டில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஹேண்டில் போட இடம் இருப்பது இந்த வண்டியின் பெரிய வசதி. இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று, எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடிவிடும். ராக்கர் பாதம் வழுக்கிய இடத்தில் மை துடைபட்டு ஒரு பட்டை தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், வால்வ் தண்டே 9 மி.மீ.க்குக் குறைவுதான்.

எட்டிலும் பட்டை அகலமாக இருந்தது. ஷாஃப்ட் பக்கமாகச் சாய்ந்தும் இருந்தது. பார்த்ததும் எனக்குத் தோன்றியது, எல்லாமே ஒரே மாதிரிதான் தப்பு, ஷாஃப்ட்டை ஏற்றினாலோ இறக்கினாலோ எட்டும் ஒன்றாகச் சரியாகிவிடும் என்று. ஏற்றவா இறக்கவா என்பதுதான் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் பட்டையால் அதைச் சொல்லவும் முடியாது. கோடு 90 பாகையில் நிற்கும்போதுதான் பாதம் ஷாஃப்ட்டிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் பாதம் ஷாஃப்ட் பக்கமாகத்தான் நகரும். ஆக ஷாஃப்ட் தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் பட்டை ஒரே பக்கம்தான் விரியும். எவ்வளவு தப்பு என்று மை சொல்லும், எந்தத் திசையில் தப்பு என்று சொல்லாது.

அதனால் மறுபடி மை தடவி, இந்த முறை ஒவ்வொரு வால்வாக, டயல் கேஜை ஸ்பிரிங் மேல் மூடியில் வைத்து, மெதுவாகச் சுற்றி, பாதி லிஃப்டில் நிறுத்திப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எக்ஸாஸ்ட் வால்வுகளில் பாதம் திறக்கத் தொடங்கியதிலிருந்து பாதி தாண்டியும் வெளியே போய்க்கொண்டே இருந்தது, கடைசியில்தான் கொஞ்சம் திரும்பியது. இன்டேக் வால்வுகளில் நேர்மாறு: தொடக்கத்தில் கொஞ்சம் வெளியே போய், உடனே திரும்பி, முழு லிஃப்ட் வரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டே வந்தது. பட்டையின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், நடந்தது எதிர் எதிர். எக்ஸாஸ்ட்டுக்கு ஷாஃப்ட் ரொம்பத் தாழ்வு, இன்டேக்குக்கு அதே ஷாஃப்ட் ரொம்ப உயரம். இரண்டும் ஒரே ஷாஃப்ட். இதை எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது.

இன்டேக் பக்கம் கைடு ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்பதற்கும் அப்போதே பதில் கிடைத்தது. அங்கே வழுக்கலில் பெரும்பகுதி முழு லிஃப்டை நெருங்கும்போது நடக்கிறது. ஸ்பிரிங் அதிகமாக அமுங்கியிருப்பதும் அப்போதுதான். அதே அரை மில்லிமீட்டர் வழுக்கல், கூடுதல் அழுத்தத்தோடு.

யார் ஏற்றினார்கள், எது ஏறியது

ஷாஃப்ட் ஸ்டாண்டுகளைக் கழற்றியதும் அடியில் உயரம் கூட்டப் போடும் ஷிம் தகடுகள் அடுக்காக இருந்தன. மைக்ரோமீட்டரில் 60 தௌ, அதாவது 1.5 மி.மீ. எந்த ஒர்க்‌ஷாப்பில் எப்போது போட்டார்கள் என்று தெரியாது. ஏன் போட்டார்கள் என்று ஊகிக்க முடிகிறது. (இந்த இன்ஜினில் ராக்கர் ஸ்டாண்டுகளைப் பிடிக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. கூலன்ட்டை வடிக்காமல், எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சீராகத் தளர்த்தாமல் ஷாஃப்ட்டை மட்டும் தூக்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஹெட் கேஸ்கெட் போய்விடும்.)

ஹெட்டை ஃபேஸிங் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஹெட்டின் அடிமுகம் குறைகிறது, அதோடு வால்வ், ஸ்டாண்டு, ஷாஃப்ட் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. வால்வுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒன்றுமே மாறவில்லை. மாறுவது புஷ் ராட் பக்கம் மட்டும், ராட் அந்த அளவுக்கு நீளமாகிவிட்ட மாதிரி. இடைவெளி வைக்க ஸ்க்ரூவை மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் ஸ்க்ரூ மேலே அதிகமாக நீட்டிக்கொண்டு, கீழே அதன் உருண்டை ராக்கருக்குள் ஒடுங்கி, புஷ் ராட் கிண்ணத்தின் விளிம்பு ராக்கரின் அடியில் உரசப் பார்க்கும். அப்போது ஸ்டாண்டுக்கு அடியில் ஷிம் போட்டு ஷாஃப்ட்டைத் தூக்கினால் ஸ்க்ரூ மறுபடி நல்ல இடத்துக்கு வந்துவிடும். பார்ப்பதற்கு அழகான தீர்வு. ஆனால் அதுவரை கெடாமல் இருந்த வால்வ் பக்கக் கோணம் அந்த ஷிம்மால் கெடுகிறது. ஃபேஸிங் மட்டும் போட்ட ஹெட்டுக்குச் சரியான மருந்து நீளம் குறைந்த புஷ் ராட்.

சீட் கட்டிங் அப்படியில்லை. வால்வ் உட்காரும் சீட்டை வெட்ட வெட்ட வால்வ் ஹெட்டுக்குள் அமுங்குகிறது, அதன் தலை மேலே ஏறுகிறது. ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது மாறுவது வால்வ் பக்கம். இதற்கு ஷிம் சரியான மருந்துதான், தலை எவ்வளவு ஏறியதோ அவ்வளவு. தலை ஏறியதும் ஃபேஸிங்கும் ஒரே அளவாக இருந்தால் அந்த ஒரே ஷிம் இரண்டு பக்கத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஆனால் பட்டறையில் யாரும் இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைப்பதில்லை. ஸ்க்ரூ எட்டவில்லை, ஷிம் போடு, எட்டுகிறது, இடைவெளி வை, சத்தம் இல்லை, வண்டியை எடுத்துக்கொள்.

டெப்த் கேஜை ராக்கர் கவர் உட்காரும் முகத்தில் வைத்து எட்டு வால்வ் தலையின் உயரத்தையும் அளந்தேன். இன்டேக் நாலும் தங்களுக்குள் ஒரே மட்டம். எக்ஸாஸ்ட் 1, 8 இரண்டும் அதைவிட 2 மி.மீ. அளவு உயரம். நடுவில் அருகருகே இருந்து சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் 4, 5 இரண்டும் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒரே ஹெட்டில், ஒரே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எக்ஸாஸ்ட் மட்டும் ஏன் இப்படி அமுங்கியது? நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான் என்று ஆனது 2000 பிப்ரவரியில். அந்த மாற்றம் வந்தே ஆக வேண்டியது, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சேர்வதை எந்தப் பழைய வண்டிக்காகவும் சகிக்க முடியாது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் தனியாகக் கடினமான சீட் ரிங் கிடையாது, ஹெட்டிலேயே வெட்டிய சீட். எரிந்த ஈயத்தின் படிவுதான் சூடான எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பூச்சாக நின்று காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் வால்வ் சீட்டோடு ஒட்டி ஒட்டிப் பிய்த்து, சீட் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடுகிறது. இன்டேக் வால்வைப் புதுக்கலவை வந்து வந்து குளிர்விப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். சீட் அரைபட்டு வால்வ் அமுங்கும்போது டாப்பெட் இடைவெளி என்ன ஆகும்? குறையும். குறைந்தால் சத்தம் அடங்கும். போன வருஷம் டிக் டிக் என்று கேட்ட வண்டி இந்த வருஷம் யாரும் கை வைக்காமலே அமைதியாகிவிட்டது என்றால் சந்தோஷப்படக் கூடாது, ராக்கர் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படியே விட்டால் ஒருநாள் இடைவெளி பூஜ்யமாகி, வால்வ் முழுக்க மூடாமல், விளிம்பு எரிந்துபோகும். இடைவெளியைத் திரும்ப வைத்தால் உடனடி ஆபத்து நீங்கும், ஆனால் ஸ்க்ரூ அந்த அமுங்கலை மறைத்துவிடும். அடுத்தவருக்கு எதுவும் தெரியாது.

ஃபீலர் கேஜும் எல்லா உண்மையையும் சொல்லாது. ராக்கர் பாதத்தில் வால்வ் தண்டின் அகலத்துக்கு ஒரு குழி தேய்ந்திருந்தால், கேஜ் தகடு அந்தக் குழிக்கு மேல் பாலம் மாதிரி கிடக்கும், நீங்கள் 15 வைத்ததாக நினைப்பீர்கள், உண்மையில் அதற்கு மேல் இருக்கும். 15 வைத்தும் சத்தம் நிற்காத வண்டிகளில் பெரும்பாலும் கதை இதுதான். அப்போது சத்தத்துக்காக 12, 10 என்று குறைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஷாஃப்ட் தேய்மானத்தையும் பாருங்கள். புஷ் ராடும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ராக்கரை மேலே தள்ளுவதால் ஷாஃப்ட்டின் அடிப்பக்கம்தான் தேயும், மேலிருந்து பார்த்தால் பளபளவென்று புதிதாகத்தான் தெரியும்.

அமெரிக்க வீடியோவும் நம்ம ஷாஃப்டும்

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பட்டறையில் ஒரு தம்பி, நல்ல ஆர்வமுள்ள பையன், போனில் ஒரு அமெரிக்க வீடியோவைக் காட்டினான். "அண்ணா, இதுல புஷ் ராட் நீளத்தை மாத்தி மாத்திப் போட்டு அந்தப் பட்டையை நடுவுக்குக் கொண்டு வர்றாங்க பாருங்க. நாமளும் அளவுக்குப் புஷ் ராட் செஞ்சு போட்டுக்கலாமுங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி, மீதியை விளக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

அந்த வீடியோவில் இருப்பது ஷெவர்லே வி8. 1955-ல் வந்த அந்தச் சின்ன பிளாக் இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட்டே கிடையாது, ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில், ஒரு நட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். நட்டை இறக்கினால் ராக்கரின் அச்சே இறங்கும். அதனால் அங்கே புஷ் ராட் நீளமானால் அச்சு மேலே நிற்கும், குட்டையானால் கீழே. வால்வ் பக்கக் கோணத்தை முடிவு செய்வது புஷ் ராட் நீளம். நம்ம இன்ஜினில் அச்சு ஸ்டாண்டில் இறுகிய ஷாஃப்ட். புஷ் ராடை எவ்வளவு மாற்றினாலும் ஸ்க்ரூ அதை ஈடுகட்டிவிடும், வால்வ் தலைமேல் பட்டை ஒரு முடி அளவு கூட நகராது. இங்கே வால்வ் பக்கத்தை முடிவு செய்வது ஷாஃப்ட் உயரமும் வால்வ் தலை உயரமும் மட்டும்தான்.

பட்டையை நடுவுக்குக் கொண்டுவருவதே லட்சியம் என்று நினைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஷெவர்லேயிலும் சரி, வேறு எதிலும் சரி, கோணத்தைக் கெடுத்து அகலமான ஒரு பட்டையை நடுவில் உட்கார வைத்துவிட முடியும், வால்வ் தலைக்கு நடுவில் இருப்பதால் பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். பார்க்க வேண்டியது ஒடுக்கம். ஒடுக்கமான பட்டை கொஞ்சம் தள்ளி இருந்தாலும் விளிம்பைத் தொடாத வரை நான் ஏற்றுக்கொள்வேன்.

எப்படிச் சரிசெய்தோம்

எக்ஸாஸ்ட் நாலுக்கும் கடினமான சீட் ரிங் போட லேத் பட்டறைக்கு ஹெட்டைக் கொடுத்தேன். வழக்கமாகச் சொல்வது போல "சீட் ரிங் போட்டு வால்வ் கிரைண்டிங் பண்ணிக் குடுங்க" என்று சொல்லாமல், எக்ஸாஸ்ட் தலைகள் நாலும் இன்டேக் தலைகளின் மட்டத்துக்கு வர வேண்டும், சீட்டை அந்த உயரம் பார்த்து வெட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் முதலில் "இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லைங்களே" என்றார், அப்புறம் அவரே ஒவ்வொன்றையும் வெட்டி, வால்வை வைத்து, அளந்து, மறுபடி வெட்டினார். அவசரமில்லாமல் வேலை செய்கிற ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம். கடைசியில் ஒரு வால்வ் மட்டும் கொஞ்சம் உயரமாக நின்றது, அதன் தலையை மிக லேசாக கிரைண்ட் பண்ணினார். வால்வ் தலையில் கடினப்படுத்திய அடுக்கு மெல்லியது, அதைத் தாண்டினால் ராக்கர் குழி பறித்துவிடும் என்பதால் உயரத்தைச் சரிசெய்யத் தலையை அரைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். கைடு எட்டும் புதிது. ராக்கர் பாதங்களில் குழி விழுந்தவற்றைச் சாணை பிடிக்காமல் மாற்றினோம், சாணை பிடித்தால் வளைவே மாறி நம் கணக்கு முழுக்கத் தப்பிவிடும்.

ஷாஃப்ட்டை முதலில் ஷிம்மே இல்லாமல் பொருத்தி மை பார்த்தோம். எட்டிலும் பாதம் இப்போது ஒரே மாதிரி நடந்துகொண்டது, திறக்கும்போது வெளியே போவது திரும்பி வருவதைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டும் ஒரே மாதிரி தப்பாக இருப்பது எவ்வளவு நிம்மதி! மெல்லிய ஷிம் ஒன்று போட்டதும் வெளியே போவதும் உள்ளே வருவதும் சமமாகி, பட்டைகள் கோடு மாதிரி ஒடுங்கின. ஆயில் ஏறும் ஸ்டாண்டின் ஷிம்மில் மட்டும் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் ராக்கர் ஷாஃப்ட் முழுக்கப் பட்டினி கிடக்கும். பழைய அடுக்கில் அந்தத் துளை பாதி மறைந்துதான் இருந்தது. ஸ்க்ரூக்கள் பழைய ஃபேஸிங்குகளால் சற்று மேலே நிற்கின்றன, ஆனால் கிண்ணம் எங்கேயும் உரசவில்லை, அதனால் புஷ் ராடை வெட்டாமல் விட்டோம்.

இடைவெளி 15 தௌதான், எல்லோரும் வைக்கும் அதே அளவு. முன்பைவிடக் கொஞ்சம் சத்தம் கேட்கிறது, எட்டும் ஒரே சுருதியில். மிஸ்திரி அண்ணன் வந்து கேட்டுவிட்டு, "முன்ன அமைதியா இருந்துச்சுங்களே" என்றார். தலை உயரங்களை எழுதிய தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதே மாதிரி என்ற கிட்ட ஒரு ஹெட்டு கிடக்குது, அந்த அளவு கேஜை ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றார். கேஜ் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஹெட்டைப் பட்டறைக்குக் கொடுக்கப் போகிறவர்கள், கழற்றும்போதே எட்டு தலை உயரத்தையும் ஷிம் தடிமனையும் ஸ்க்ரூ எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஃபேஸிங்கில் எத்தனை தௌ எடுத்தார்கள் என்று கேட்டு அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை, ஸ்டாண்டைப் பிடிக்கும் அந்த நாலையும் சேர்த்து, வரிசைப்படி மறுபடி இறுக்கிவிட்டு டாப்பெட் பாருங்கள். நட்டு இறுகினால் ஹெட் அமரும், இடைவெளி மாறும். என் வண்டியில் 4-ம் 5-ம் இரண்டு தௌ குறைந்திருந்தன.